தோள் அளந்த வெடிமருந்து

வாய்வழியாக மருந்தையும் குண்டையும் கெட்டித்துச் சுடும் துவக்கில் எவ்வளவு மருந்து போடுவது என்ற முடிவு சுடுபவரின் கையில் இருந்தது. ஆலையில் அடைத்து வரும் தோட்டா அந்தப் பொறுப்பைப் பறித்துக்கொள்ளும் வரை, 19ஆம் நூற்றாண்டின் வேட்டைக்காரர் ஒவ்வொருவரும், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், ஓரளவு பரிசோதனையாளராகவே இருக்க நேர்ந்தது. அந்தப் பரிசோதனையில் அவர்களுக்குக் கிடைத்த முக்கிய அளவுகருவிகள் இரண்டு: இலக்குப் பலகையில் விழும் துளை ஒன்று, தோளில் விழும் உதை மற்றொன்று. இரண்டாவது கருவி எதைச் சரியாகச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை விளங்கிக்கொள்ள இலங்கையின் ஊவா மாகாணத்தின் வேட்டை வரலாறு நல்ல இடமாகும்.

1840களில் பதுளையைச் சுற்றிய மலைச்சரிவுகளில் காடு அழிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் பெருகிக்கொண்டிருந்த காலத்தில், யானை பாதுகாக்கப்பட வேண்டிய விலங்காகக் கருதப்படவில்லை. கொன்றவருக்கு அரசாங்கமே சில ஷில்லிங் சன்மானம் கொடுத்தது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் தாமஸ் வில்லியம் ரோஜர்ஸ் 1400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாக, இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னன்ட் 1859இல் வெளியிட்ட நூலில் குறிப்பிட்டுள்ளார். ரோஜர்ஸ் 1845 ஜூன் 7ஆம் தேதி ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். பதுளையிலுள்ள புனித மாற்கு தேவாலயம் அவருடைய நினைவாகக் கட்டப்பட்டதே. அந்த எண்ணிக்கையை இன்று வீரமாக எண்ணுவது கடினம் என்றாலும், இத்தனை பெரிய விலங்கை ஈயக் குண்டு ஒன்றால் வீழ்த்த முடிந்தது எப்படி என்ற கேள்வி இயற்பியலுக்கு உரியது.

யானையின் நெற்றி எலும்பு தடிப்பானது. உள்ளே காற்றறைகள் நிறைந்தது. மூளையோ அதற்கு வெகு பின்னால் இருக்கிறது. அதை எட்டுவதற்குக் கனமான குண்டும் அதைத் தள்ளுவதற்கு நிறைய மருந்தும் தேவைப்பட்டன. 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்து, ஊவாவின் கிழக்குச் சரிவிலுள்ள புல்வெளிகளிலும் வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் இந்தத் தேவையை அதன் எல்லைவரை கொண்டுபோனவர். பிரிஸ்டல் நகரத்துத் துவக்குக் கைவினைஞர் கிப்ஸ் 1840இல் அவருக்காகச் செய்த ஒற்றைக்குழல் ரைபிள் 21 இறாத்தல் நிறையும் 36 அங்குலக் குழலும் கொண்டது. 3 அவுன்ஸ் குண்டுக்கு 16 டிராம், அதாவது ஒரு முழு அவுன்ஸ் மருந்து அதில் கெட்டிக்கப்பட்டது. டிராம் என்பது அவுன்ஸின் பதினாறில் ஒரு பங்கு, ஏறத்தாழ 1.77 கிராம், சாதாரண வேட்டைத் துவக்குக்கு மூன்று டிராமே போதுமென்று கருதப்பட்ட காலம் அது. குழலின் உட்புறத்தில் இரண்டு ஆழமான பள்ளங்கள் சுருளாக வெட்டப்பட்டிருந்தன. குண்டின் இடுப்பைச் சுற்றிய பட்டை அந்தப் பள்ளங்களில் பொருந்தி ஓடியதால், கடுமையான மருந்து உந்தினாலும் குண்டு பள்ளத்தை விட்டு வழுக்காமல் சுழன்றே வெளியேறியது.

இந்த ரைபிளின் பின்னுதைப்பைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நியூட்டனின் விதிப்படி, குழலின் வாயால் முன்னோக்கி வெளியேறும் பொருள்களின் மொத்த உந்தமும், அதாவது நிறையையும் வேகத்தையும் பெருக்கி வரும் அளவும், துவக்கு பின்னோக்கிப் பெறும் உந்தமும் சமமாக இருக்க வேண்டும். குண்டு 85 கிராம், மருந்து 28 கிராம், துவக்கு 9.5 கிலோகிராம். கணக்கின் வசதிக்காகக் குண்டின் வேகத்தை நொடிக்கு 450 மீட்டர் என்றும், வாயைவிட்டுச் சீறும் புகையின் சராசரி வேகத்தை நொடிக்கு 600 மீட்டர் என்றும் கொண்டால், துவக்கு நொடிக்கு ஏறத்தாழ 5.8 மீட்டர் வேகத்தில் தோளை நோக்கி வரும்; அதன் ஆற்றல் 160 ஜூல். இன்றைய சாதாரண 12 போர் துவக்கின் உதை 30, 40 ஜூல் அளவில் அடங்கிவிடுவதோடு ஒப்பிட்டால், பேக்கரின் தோள் தாங்கியது எவ்வளவு என்பது தெரியும். கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இதற்குள் இருக்கிறது: அந்த உதையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குண்டினால் வந்ததன்று, மருந்தினாலேயே வந்தது. நவீன புகையற்ற மருந்தில் சில கிராம் செய்யும் வேலைக்குக் கருமருந்து பல மடங்கு தேவைப்படுவதால், எரிந்த மருந்தை வெளியே தள்ளும் செலவையும் சுடுபவரே ஏற்க வேண்டியிருந்தது.

துவக்கின் நிறையைப் பாதியாகக் குறைத்தால் அது பின்வாங்கும் வேகம் இரட்டிக்கும். வேகத்தின் வர்க்கத்தோடு ஆற்றல் வளர்வதால், நிறை பாதியானாலும் உதையின் ஆற்றல் இருமடங்காகி 320 ஜூலைத் தொடும். எனவே உதையை அடக்க நிறையைக் கூட்டுவதே முதல் வழி. அகன்ற அடிக்கட்டை தோளின் பெரிய பரப்பில் அழுத்தத்தைப் பரப்பும். அதிக வளைவில்லாத கட்டை, உதைவிசை குழலின் நேர்க்கோட்டிலேயே தோளுக்கு வரச்செய்து, வாய்முனை மேலெழுவதையும் கன்னத்தில் அறைவதையும் குறைக்கும். தோளோடு இறுக்கி அணைத்து, நின்றபடியே உடல் சற்றுப் பின்சாய இடங்கொடுத்தால் உடலின் நிறையும் துவக்கின் நிறையோடு சேர்ந்துகொள்ளும். தளர்வாகப் பிடித்தவருக்கோ, வேகமெடுத்து வரும் இரும்பு தனியாக வந்து மோதும். ஆயினும் 21 இறாத்தல் இரும்பைக் காடு மேடெல்லாம் துரை தாமே சுமக்கவில்லை; துவக்குத் தூக்கிகள் சுமந்தார்கள். துரையின் தோள் ஒரு நொடி தாங்க வேண்டிய உதையைக் குறைப்பதற்காக மற்றவர் தோள் நாள் முழுதும் பாரம் சுமந்தது என்பதை வேட்டை நூல்கள் பெரிதாகப் பேசுவதில்லை.

மருந்தின் அளவைச் சோதிக்கும் முறை பொறுமையைக் கோருவது. குறைந்த அளவில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் தாங்கியின் மேல் வைத்துச் சில முறை சுட்டு, துளைகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போவார்கள். வாய்முனைக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்தால் எரியாத மருந்து மணிகள் அதில் கறுப்பாகச் சிதறிக் கிடக்கும். அந்தக் குழலின் நீளத்துக்குள் எரிந்து முடிய முடியாத மருந்து வேகத்தை அதிகம் கூட்டாமல் உதையை மட்டும் கூட்டுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. குண்டைச் சுற்றிய எண்ணெய்த் துணியைப் பொறுக்கியெடுத்துப் பார்ப்பதும் வழக்கம். அது கருகியோ கிழிந்தோ இருந்தால் மருந்து மிகுதி அல்லது துணி மெல்லியது.

இத்தகைய சோதனையின் அறிவியல் வடிவம் ஊவாவின் கோப்பிக் காலத்துக்கு நூறாண்டு முந்தியது. பெஞ்சமின் ராபின்ஸ் 1742இல் வெளியிட்ட நூலில், தொங்கும் மரக்கட்டையில் குண்டு பாயும்போது கட்டை எவ்வளவு ஆடுகிறது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கண்டார். 1781இல் பெஞ்சமின் தாம்சன், பிற்காலத்து ரம்ஃபர்ட் பிரபு, துப்பாக்கிக் குழலையே தொங்கவிட்டு, மருந்தை மட்டும் கெட்டித்தபோது வந்த உதையையும் குண்டோடு சேர்த்துக் கெட்டித்தபோது வந்த உதையையும் அளந்து, இரண்டின் வேறுபாட்டிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட முயன்றார்.

வேட்டைக்காரரின் சோதனையைக் குழப்பும் காரணி மருந்து எரிந்தபின் குழலில் தங்கும் கசடு. வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற விகிதத்தில் கலந்த கருமருந்து எரியும்போது அதன் நிறையில் பாதிக்கும் சற்றுக் கூடுதலான பங்கு வாயுவாகாமல் திண்மப் பொருளாகவே மிஞ்சுகிறது. அதில் ஒரு பகுதி வெண்புகையாகப் போக, மீதி குழலின் உள்ளே ஒட்டிக்கொள்கிறது. பொட்டாசிய உப்புகள் நிறைந்த அந்தக் கசடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக் கூடியது. எனவே வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் பதுளைப் பக்கம் கசடு இளகிக் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை, ஊவாத் தேயிலைக்கு மணம் தருவதாகச் சொல்லப்படும் வறண்ட காற்று வீசும் மாதங்களிலோ, கசடு ஓடு போல இறுகிப்போய், சில சூடுகளுக்குப் பிறகு குண்டு மருந்தின் மேல் சென்று அமராமல் பாதிவழியில் நின்றுவிடும்.

இந்த இடத்தில்தான் தோள் ஏமாற்றுகிறது. குண்டுக்கும் மருந்துக்கும் இடையே இடைவெளி இருந்தால், எரிவாயு அதில் விரைந்து சென்று குண்டில் மோதும் இடத்தில் அழுத்தம் ஒரு கணம் மிகக் கடுமையாக எகிறும்; குழல் அந்த இடத்தில் வீங்கலாம் அல்லது வெடிக்கலாம். ஆனால் உதை என்பது சூடு முழுவதற்குமான மொத்தக் கணக்கு. உச்ச அழுத்தம் எவ்வளவு என்பதை அது காட்டாது. இதனால்தான் இங்கிலாந்தில் குழல்கள் விற்பனைக்கு வருமுன், வழக்கமானதைவிட மிகுதியான மருந்தைக் கெட்டித்து, ஆள் விலகி நின்று சுட்டுச் சோதித்து முத்திரை குத்தும் நிலையங்கள் ஏற்பட்டன. பர்மிங்காம் நிலையம் 1813ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது.

இன்றும் ஊவாவின் கிராமங்களிலும் தோட்டங்களின் ஓரங்களிலும், வாய்வழியாகக் கெட்டித்துச் சுடும் நாட்டுத் துவக்கான இடியன் மறைந்துவிடவில்லை. 1916ஆம் ஆண்டின் சுடுபடைக்கலங்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாத துவக்கு குற்றம் என்றாலும், பயிரைக் கிண்டும் காட்டுப்பன்றிக்காகக் கள்ளத்தனமாகச் செய்யப்படும் இடியன்கள் பொலிஸாரிடம் அடிக்கடி பிடிபடுகின்றன. இவற்றுள் மிக ஆபத்தானது கட்டுத்துவக்கு: மரத்திலோ கட்டையிலோ கட்டிவைத்து, பன்றி செல்லும் தடத்தின் குறுக்கே இழுத்த கம்பி தட்டுப்பட்டால் வெடிக்கும் பொறி. சோதனை முத்திரை எதுவும் அதன் குழலில் இல்லை. உதையை மரம் வாங்கிக்கொள்வதால், மருந்து மிஞ்சிவிட்டது என்று சொல்லும் தோளும் அங்கே இல்லை. பன்றியின் உடல் உயரத்துக்குக் குறி வைக்கப்படுவதால் அது மனிதருக்கு முழங்காலையும் கீழ்க்காலையும் ஒட்டி வருகிறது. இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்துள்ள கட்டுத்துவக்குக் காயங்களில் பெரும்பாலானவை கால்களில் ஏற்பட்டவை, விறகுக்கோ வயலுக்கோ போனவர்களுக்கு ஏற்பட்டவை.