ஓர் எழுத்தின் மாற்றம்: கதிர் அரிவாள் இரத்தசோகை

கதிர் அரிவாள் இரத்தசோகை, சிவப்பணுக்களை அரிவாள் வடிவில் வளைத்துவிடும் பரம்பரை நோய். டி.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்து மாறுவதுதான் இதன் காரணம். மரபணு எவ்வாறு புரதமாகிறது, புரதம் எவ்வாறு பண்பாகிறது என்பதை இந்த நோயைக் கொண்டே படிப்படியாக விளங்கிக்கொள்ளலாம்.

சிவப்பணுக்களில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா சங்கிலிகளால் ஆன புரதம். 146 அமினோ அமிலங்கள் கொண்ட பீட்டா சங்கிலியின் மரபணு 11-ஆவது குரோமோசோமில் உள்ளது. எலும்பு மஜ்ஜையில் வளரும் இளம் சிவப்பணுக்களின் உட்கருவில், அதன் செய்தி தூது ஆர்.என்.ஏ.வாக எழுதப்படுகிறது. இது படியெடுத்தல். ரைபோசோம் அச்செய்தியை மும்மூன்று எழுத்துகளாகப் படித்து, அவற்றுக்குரிய அமினோ அமிலங்களை வரிசையாகக் கோக்கிறது. இது மொழிபெயர்த்தல். அந்த மூன்றெழுத்துத் தொகுதி கோடான் எனப்படும்.

பீட்டா சங்கிலியின் 6-ஆவது அமினோ அமிலம் குளுட்டாமிக் அமிலம். அதன் கோடான் ஜி.ஏ.ஜி. நடு எழுத்து மாறி ஜி.யு.ஜி. ஆனால் வாலைன் வந்து அமர்கிறது. இத்தகைய ஓரெழுத்து மாற்றம் புள்ளிச் சடுதிமாற்றம். எல்லாப் புள்ளி மாற்றமும் புரதத்தை மாற்றுவதில்லை: கடைசி எழுத்து மாறி ஜி.ஏ.ஏ. ஆனாலும் குளுட்டாமிக் அமிலமே கிடைக்கும்.

குளுட்டாமிக் அமிலம் நீரை நாடுவது. வாலைன் நீரை விலக்குவது. எனவே ஆக்சிஜன் பிரிந்ததும் ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. சிவப்பணு வளைந்து விறைக்கிறது. நுண்ணிய இரத்தக்குழாய்களை அடைக்கிறது. சுமார் 120 நாள் வாழவேண்டிய அணு 10 முதல் 20 நாளில் அழிகிறது. இந்த மாறிய ஹீமோகுளோபின் மின்புலத்தில் இயல்பானதிலிருந்து வேறுபட்டு நகர்வதை 1949-இல் லைனஸ் பாலிங் குழுவினர் காட்டினர். மாறியது எந்த அமினோ அமிலம் என்பதை 1957-இல் வெர்னான் இங்ராம் நிறுவினார்.

ஒரு மரபணுவின் மாற்று வடிவம் அல்லீல் எனப்படும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய அல்லீலைப் பெறுபவருக்கே இந்நோய் வரும். ஒன்றை மட்டும் பெற்றவர் கடத்தி. பொதுவாக நலமாகவே இருப்பார். பெற்றோர் இருவரும் கடத்திகளானால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம், கடத்தியாகும் வாய்ப்பு 50 சதவீதம். நோயளவில் இது ஒடுங்கு பண்பு. ஆனால் கடத்தியின் அணுக்களில் இருவகை ஹீமோகுளோபினும் உருவாவதால், புரத அளவில் இணை ஓங்குத்தன்மை.

உயிருக்கு ஊறு செய்யும் அல்லீல் மறையாமல் நீடிப்பதற்கு இயற்கைத் தேர்வே காரணம். கடத்திகளைக் கடும் மலேரியா எளிதில் வீழ்த்துவதில்லை என்று 1954-இல் ஆப்பிரிக்க ஆய்வுகளின் வழி அந்தோணி அலிசன் விளக்கினார். அதனால் மலேரியா மிகுந்த நிலங்களில் இந்த அல்லீல் தலைமுறை தலைமுறையாக நிலைத்தது. இந்தியாவில் இது 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் கண்டறியப்பட்டது.