சாலை அகலமாகும்போது கடைக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியவை

நம் மாவட்டத்தில் ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கடினம். 2011 கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வசிக்கிறார்கள். மயிலாடி போன்ற ஊர்களில் பேருந்து, பள்ளி வேன், கோட்டாறு கம்போளத்திலிருந்து பலசரக்கு கொண்டுவரும் டெம்போ, கற்சிலை ஏற்றிய லாரி எல்லாம் ஒரே சாலையில்தான் போகவேண்டும். இந்தச் சாலைகளை மேம்படுத்தும் பேச்சு எழும்போதெல்லாம் "கடை போய்விடுமோ?" என்ற கவலையும் எழுகிறது. திட்டம் எப்படித் தயாராகிறது என்று தெரிந்தால் கவலை பாதி தீரும்.

நம் நாட்டில் சாலை அளவுகளை வகுத்திருப்பது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்ற அமைப்பு. ஒருவழித் தடம் 3.75 மீட்டர், இடைநிலைத் தடம் 5.5 மீட்டர், இருவழித் தடம் 7 மீட்டர். இருவழிச் சாலையின் இரு ஓரங்களிலும் ஒன்றரை மீட்டர் தளம் சேர்த்தால் 10 மீட்டர். அகலத்தை முடிவு செய்யுமுன் வாகனங்களை எண்ணுவார்கள். கார் ஒன்று என்றால் இருசக்கர வாகனம் அரை, பேருந்தும் லாரியும் மூன்று என்று கணக்கு. சமவெளியில் இருவழிச் சாலை ஒரு நாளைக்கு 15,000 கார் அளவு தாங்கும் என்பது 1990ஆம் ஆண்டு வெளியான வழிகாட்டி நெறி.

இந்தக் கணக்கு, தடையின்றி வண்டி ஓடும் வெளிச் சாலைக்கு உரியது. கடைவீதியில் ஒரு லாரி நின்று மூட்டை இறக்கினால் பாதிச் சாலை போயிற்று. ஆகவே கடைவீதிக்குள் அகலம் மட்டுமே மருந்தாகாது. எத்தனை அகலப்படுத்தினாலும், வண்டி நிற்கத் தனி இடம் இல்லாவிட்டால் அந்த அகலத்திலும் வண்டிதான் நிற்கும்.

எனவே திட்டம் வரைபட நிலையில் இருக்கும்போதே நாம் கேட்கவேண்டியவை:

1. சரக்கு ஏற்றி இறக்க, சாலையை விட்டு ஒதுங்கிய இடம்.

2. சந்திப்பிலிருந்து சற்றுத் தள்ளி, பேருந்து உள்ளே ஒதுங்கி நிற்கும் நிறுத்தம்.

3. மூடியுள்ள மழைநீர் வடிகால். இரு பருவமழையும் பெறும் மாவட்டம் நம்முடையது.

4. சாலை மட்டம் உயராதிருத்தல். பழைய தளத்தின் மேலேயே தார் போட்டால் தண்ணீர் கடைக்குள் புகும். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தளம் அமைக்கவேண்டும் என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தியதை எடுத்துக்காட்டலாம்.

நிற்க. நிலம் எடுக்கவே நேர்ந்தால் என்ன? மாநிலச் சாலைகளுக்கு 2001ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டப்படி நிலம் எடுக்கிறார்கள். உரிமையாளருக்கு முதலில் நோட்டீஸ் வரும். அதில் குறித்த கெடுவுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் தரவேண்டும். இழப்பீட்டுக்கு 2013ஆம் ஆண்டு மத்திய நிலமெடுப்புச் சட்டத்தின் கணக்கே பொருந்தும். அதன்படி நிர்ணயித்த தொகைக்குச் சமமாக இன்னொரு பங்கு ஆறுதல் தொகையாகச் சேரும்.

வாடகைக் கடைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நிலம் இல்லாவிட்டாலும், அவ்விடத்தில் மூன்று ஆண்டுகளாகத் தொழில் செய்து அதையே பிழைப்பாகக் கொண்ட குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்கிறது அந்தச் சட்டம். இடம்பெயர நேரும் சிறு வியாபாரிக்கு ஒருமுறை உதவித்தொகை குறைந்தது 25,000 ரூபாய். ஆனால் மூன்று ஆண்டு என்பதை நாம்தான் காட்டவேண்டும். வாய்ப்பேச்சில் நடக்கும் வாடகை அங்கே செல்லாது. வாடகை ஒப்பந்தம், பேரூராட்சி உரிமம், உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று, மின் கட்டண ரசீது ஆகியவற்றை ஆண்டுவாரியாக ஒரே கோப்பில் வையுங்கள்.

சாலைப் புறம்போக்கில் நீட்டிய தகரக் கொட்டகைக்கு நில இழப்பீடு கேட்க வழியில்லை. அதை நாமே உள்ளே இழுத்துக்கொண்டால், சங்கம் அதிகாரியிடம் பேசும்போது சொல்லுக்கு மதிப்பு இருக்கும்.

கல் நட்ட பிறகு மறியல் செய்வதைவிட, அளவெடுக்க வரும்போதே உதவிக் கோட்டப் பொறியாளரைச் சங்கத்தின் சார்பில் சந்தித்து மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைப்பதே பயன் தரும். சாலையும் வேண்டும், கடையும் வேண்டும். இரண்டுக்கும் இடம் வரைபடத்தில்தான் ஒதுக்க முடியும்.