களைப்பாற்றும் காய்

மாய மூலிகையைத் தேடித் தலைவன் காடு புகுவதும், அதைக் கொண்டு காதலியின் உயிரை மீட்பதும் கதைகளுக்குப் பழகிய நெறி. திருவனந்தபுரத்தை அடுத்த அகத்திய மலையில் கிடைத்த மூலிகையோ எவரும் தேடிப் போகாதது. 1987-இல் புஷ்பாங்கதன், ராஜசேகரன் முதலிய ஆய்வாளர், காணிப் பழங்குடியினரை வழித்துணையாகக் கொண்டு மலையேறினர். ஏற்றத்தில் ஆய்வாளர்க்கு மூச்சிரைத்தது. காணிகளோ இடையிடையே ஏதோ ஒரு காயைத் தின்றவாறு அயராமல் நடந்தனர். என்ன காய் என்று கேட்டபோது முதலில் சொல்ல மறுத்தனர். குலத்துக்கு வெளியே சொல்லலாகாத மறை அது. வற்புறுத்திய பின்னரே செடியைக் காட்டினர்.

ஆரோக்கியப்பச்சை என்னும் அச்செடி, மரநிழலில் ஓடையோரமாகத் தரையொட்டி வளர்வது. வள்ளிக்கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் கொடியாகப் படர்வதில்லை. தண்டுக்கு ஓர் இலை. அதன் காம்பு தண்டோடு கூடுமிடத்தில் செங்கருநிறச் சிறு பூக்கள் அரும்பும்.

காணிகள் தின்றது காயை; பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரப் பூங்கா ஆய்வு நிறுவனம் மருந்து கண்டது இலையில். இலைச்சாறு ஊட்டிய எலிகள் களைப்பைத் தாங்கி நெடுநேரம் நீந்தின. 1997-இல் வெளிவந்த ஆய்வொன்று, அச்சாறு ஆணெலிகளின் புணர்ச்சி வேட்கையை மிகுவித்ததாகக் கூறிற்று. காதற்கதை எழுதுவோர் இதை நழுவவிட மாட்டார்கள். ஆனால் எலியில் கண்டதை மாந்தர்க்கும் உரித்தாக்குவது அறிவியலாகாது.

இலையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி சேர்த்து ‘ஜீவனி’ என்னும் மருந்து உருவாயிற்று. 1995-இல் கோவை ஆரிய வைத்திய மருந்தகம் பத்து இலட்சம் ரூபாயும் விற்பனையில் 2 விழுக்காடும் தர ஒப்பி, அதைத் தயாரிக்கும் உரிமம் பெற்றது. அத்தொகையில் பாதி காணிகளுக்கு. அவர்கள் பெயரில் 1997-இல் அறக்கட்டளையும் பதிவாயிற்று. 1992-இன் பல்லுயிர் உடன்படிக்கை ஏட்டில் வகுத்த பயன்பகிர்வை மண்ணில் செய்துகாட்டிய முன்னோடி முயற்சி இதுவென உலகம் போற்றியது. அப்போற்றுதல் தகும் என்றே எண்ணுகிறேன். ஆயினும் காணிகளின் மருத்துவர்களான பிலாத்திகள் சிலர், குலத்தின் அறிவை விற்றது தவறென்று எதிர்த்தனர். விற்கலாமா என்ற கேள்வி அவர்களிடம் போய்ச் சேரும் முன்பே மறை வெளியாகியிருந்தது.

இலைக்கும் தட்டுப்பாடு வந்தது. காட்டுநிழலை விட்டுப் பெயர்த்து நட்டால் செடியின் மருந்தாற்றல் குன்றுவதாகக் கண்டனர். ஆகவே காட்டிலேயே வளர்க்க வேண்டியதாயிற்று. காணிகள் பயிரிட முனைந்தபோது, காட்டுச் செடிகளை வேரோடு பிடுங்கிவிடுவர் என்றஞ்சிய வனத்துறை தடுத்தது. ஒப்பந்தத்தில் வனத்துறை ஒரு தரப்பாகவே இருக்கவில்லை.