தொலைநிலைப் பல்கலைக்கழகங்களின் இணையக் கல்வித்தடம்

இணையக் கல்வித்தடம் என்பது ஒரு பல்கலைக்கழகம் தன் கற்பித்தல், ஆய்வு, தேர்வு ஆகிய பணிகளின் வழியாக இணையத்தில் விட்டுச்செல்லும் பதிவுகளின் தொகுப்பு ஆகும். ஆசிரியர்களின் ஆய்வுக்கட்டுரைகள், முனைவர் பட்ட ஆய்வேடுகள், பாடநூல்கள், பழைய வினாத்தாள்கள், பிற நிறுவனங்களின் தளங்களில் அப்பல்கலைக்கழகத்தைப் பற்றிக் காணப்படும் குறிப்புகள் ஆகியன இதில் அடங்கும். வளாகத்தை நேரில் காணாமலும் ஆசிரியரைச் சந்திக்காமலும் பணம் கட்டிச் சேரும் தொலைநிலை மாணவருக்கு, அப்பல்கலைக்கழகத்தின் நம்பகத்தன்மையை அறிய இத்தடம் முக்கியமான வழிகளில் ஒன்றாகும். எனினும் சட்டப்படியான அங்கீகாரம் வேறு, கல்வித்தடம் வேறு. ஒன்று இருப்பதைக் கொண்டு மற்றொன்றும் இருக்கும் எனக் கொள்வதே இத்துறையில் நிகழும் பெரும் பிழையாகும். இக்கட்டுரை தமிழ்நாட்டின் இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரைப் பகுதியை முதன்மையாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

இராமநாதபுரம் கடற்கரையில் தொலைநிலைக் கல்வி

இந்தியாவில் அஞ்சல்வழிக் கல்வி 1962 இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. தென்தமிழகத்தில் இதனை 1971 இல் தொடங்கியது மதுரைப் பல்கலைக்கழகம் ஆகும். இது பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979 இல் இத்துறையில் இறங்கியது. பாம்பன் சாலைப் பாலம் 1988 இல் திறக்கப்படும் வரை இராமேசுவரம் தீவுக்குத் தொடர்வண்டியே தரைவழி இணைப்பாக இருந்தது. அக்காலத்தில் தங்கச்சிமடத்திலோ பாம்பனிலோ இருந்த ஒருவர் வேலையை விடாமல் பட்டம் பெற வேண்டுமாயின் அஞ்சலில் வரும் பாடப்பொதிகளே துணை.

1985 ஆம் ஆண்டு இப்பகுதிக்குப் பல வகையில் திருப்புமுனையாகும். பழைய இராமநாதபுரம் மாவட்டம் அவ்வாண்டில்தான் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகமும், தில்லியில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் அதே ஆண்டில் தோன்றின. இன்று சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் கலை, அறிவியல் கல்லூரிகள் அழகப்பா பல்கலைக்கழகத்துடன் இணைவு பெற்றவை. 2002 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது.

இக்கடற்கரையில் பட்டத்திற்கு இரண்டு பெரும் பயன்கள் உள்ளன. ஒன்று அரசுப் பணி. மற்றொன்று வளைகுடா நாடுகளில் வேலை. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி போன்ற ஊர்களில் வெளிநாட்டு வேலை பழக்கமான வாழ்க்கைமுறையாகும். மீனவக் குடும்பங்களில் நிலைமை சற்று வேறுபடும். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் ஆகும். அது முடிந்து கையில் காசு இல்லாத நேரத்தில்தான் சூலை மாதப் பருவத்திற்கான சேர்க்கை தொடங்குகிறது. தவணையில் கட்டலாம், பழைய ஆண்டில் சேர்ந்ததாகக் காட்டித் தருகிறோம் என்ற பேச்சுகள் எடுபடுவது இத்தகைய நேரத்திலேயே.

அங்கீகாரம்

பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 1956 இன் 22 ஆம் பிரிவு வரையறுக்கிறது. மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றச் சட்டத்தால் சிறப்பு அதிகாரம் பெற்ற நிறுவனம் ஆகியவற்றுக்கே அவ்வுரிமை உண்டு. தொலைநிலைக் கல்விக்கு இது மட்டும் போதாது. தொலைநிலைக் கல்வி மன்றம் 1991 முதல் இதனைக் கவனித்து வந்தது. அது 2013 இல் கலைக்கப்பட்டபின் பொறுப்பு மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பணியகத்திற்கு மாறியது. இப்போது நடைமுறையில் உள்ள 2020 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி, ஒப்புதல் பல்கலைக்கழகத்திற்குப் பொதுவாக வழங்கப்படுவதன்று. குறித்த பாடப்பிரிவுக்கு, குறித்த கல்வியாண்டுகளுக்கு வழங்கப்படுவதாகும். ஆகவே "இப்பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றதா?" என்ற கேள்வி குறையுடையது. "இப்பாடம், இவ்வாண்டில், தொலைநிலை முறையில் ஒப்புதல் பெற்றதா?" என்பதே கேட்கத்தக்க கேள்வி.

இவ்வேறுபாட்டின் விலையைத் தமிழ்நாடு நன்கறியும். பள்ளிமேல்நிலை, இளநிலைப் படிப்புகளைக் கடக்காமல் திறந்தநிலை முறையில் நேரடியாக முதுகலைப் பட்டம் பெறும் வழி ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் 2009 பெப்ரவரியில் இதனை ஏற்க மறுத்தது. மானியக் குழுவின் 1985 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் திறந்தநிலைக் கல்விக்கும் பொருந்தும் என்பது தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு ஆகத்து மாதத்தில் தமிழக அரசு வெளியிட்ட 107 ஆம் எண் அரசாணை, பத்தாம் வகுப்பும் மேல்நிலைப் படிப்பும் இன்றிப் பெற்ற திறந்தநிலைப் பட்டங்கள் அரசுப் பணிக்கு ஏற்கப்படா என அறிவித்தது. பட்டம் போலியன்று, பல்கலைக்கழகமும் போலியன்று. ஆனால் பட்டம் வேண்டிய இடத்தில் செல்லவில்லை.

இதனினும் வியப்புக்குரியது 2022 மார்ச்சு மாதத்தில் மானியக் குழு வெளியிட்ட பொது அறிவிப்பு ஆகும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரையே அங்கீகாரம் இருந்தது என்றும், அதன்பின் ஒப்புதலின்றி நடத்தப்பட்டவை செல்லத்தக்கவை அல்ல என்றும் அவ்வறிவிப்பு கூறியது. 1929 இல் தோன்றிய, ஆய்வுக்கட்டுரைகளாலும் ஆய்வேடுகளாலும் மிகப்பெரிய கல்வித்தடம் கொண்ட பல்கலைக்கழகம் அது. இணையத்தில் அதனைத் தேடியவர் எவரும் ஐயுற்றிருக்க இடமில்லை. ஒப்புதல் பட்டியலை ஆண்டு வாரியாகப் பார்த்தவருக்கு மட்டுமே உண்மை தெரிந்திருக்கும்.

பொறியியலிலும் இவ்வாறே நேர்ந்தது. சேலத்தைச் சேர்ந்த ஒன்று உட்பட நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலை வழியில் வழங்கிய பொறியியல் பட்டங்களை 2017 நவம்பரில் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களுக்கு மட்டும் தனித்தேர்வு எழுதித் தேறும் வாய்ப்பு அளிக்கப்பட்டது. பிற்காலத்தில் சேர்ந்தோரின் பட்டங்கள் நீக்கப்பட்டன.

கல்வித்தடத்தைப் படித்தல்

அங்கீகாரம் உறுதியானபின் எழும் கேள்வி, அங்கு உண்மையில் கற்பிக்கிறார்களா என்பதாகும். இங்குதான் கல்வித்தடம் பயன்படுகிறது.

முதலில் இணைய முகவரி. 'ஏசி.இன்', 'ஈடியு.இன்' என முடியும் முகவரிகளை இந்தியாவில் எர்னெட் என்னும் அரசு சார்ந்த அமைப்பே, கல்வி நிறுவனம் என்பதற்கான ஆவணங்களைப் பார்த்து வழங்குகிறது. இறுதியில் 'இன்' இல்லாமல் 'ஏசி' என்று மட்டும் முடியும் முகவரி இதனின்று முற்றிலும் வேறானது. அது தென் அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள அசென்சன் தீவுக்கு ஒதுக்கப்பட்டது. பணம் கொடுப்போர் யாரும் அதனைப் பெறலாம். இரண்டெழுத்து வேறுபாட்டில் ஏமாந்தவர்கள் உண்டு. 'ஈடியு' என முடிவது 2001 முதல் அமெரிக்காவில் தரச்சான்று பெற்ற நிறுவனங்களுக்கே வழங்கப்படுகிறது. எனினும் அதற்கு முன்பே பதிவு செய்தோர் அதனை வைத்துக்கொண்டுள்ளனர். முகவரி பதிவான நாளையும் எவரும் பார்க்கலாம். முப்பது ஆண்டுப் பழமை பேசும் நிறுவனத்தின் தளம் சென்ற ஆண்டுதான் பதிவானது எனில் விளக்கம் கேட்க வேண்டும். இணைய ஆவணகத்தில் பழைய பக்கங்களின் படிகள் கிடைப்பதால், ஒரு நிறுவனம் ஐந்தாண்டுகளுக்கு முன் தன்னைப் பற்றி என்ன கூறியது என்பதையும் ஒப்பிடலாம்.

அடுத்தது ஆய்வேடுகள். முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் அளிக்க வேண்டும் என்று மானியக் குழு 2009 இல் விதித்தது. அவை காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா களஞ்சியத்தில் தொகுக்கப்படுகின்றன. மதுரை காமராசர், அழகப்பா பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை அங்கு துறை வாரியாகக் காணலாம். ஆய்வேட்டில் நெறியாளரின் பெயரும் துறையும் ஆண்டும் இருக்கும். அப்பெயரைக் கொண்டு அவரின் பிற கட்டுரைகளைத் தேடினால், அத்துறையில் பாடம் சொல்ல ஆள் இருந்தாரா என்பது விளங்கிவிடும். முனைவர் பட்டத்தைத் தொலைநிலையில் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் இந்திய நிறுவனத்தை இதற்குமேல் ஆராயத் தேவையில்லை. விதிகள் அதனை அனுமதிக்கவில்லை.

தொலைநிலை மாணவருக்கு ஆய்வேட்டைவிட நெருக்கமானது பாடநூல். தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் பாடநூல்களை ஈ-ஞானகோசு என்னும் களஞ்சியத்தில் யாவரும் படிக்குமாறு வைத்துள்ளது. சேருமுன் ஓர் அலகைப் படித்துப் பார்ப்பது நல்லது. எழுதியவர் பெயர், பதிப்பித்தவர் பெயர், ஆண்டு, மேற்கோள் நூல்கள் ஆகியன இருக்கின்றனவா? பாடநூலைக் காட்டவே மறுக்கும் நிறுவனத்தில் பெரும்பாலும் மறைப்பதற்குப் பாடநூலே இருப்பதில்லை.

கல்வித்தடம் எப்படி இருக்கும் என்பதற்கு இக்கடற்கரையிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1947 இல் தொடங்கப்பட்டு, மண்டபம் முகாமில் நெடுங்காலம் தலைமையிடம் கொண்டிருந்து, 1970களின் தொடக்கத்தில் கொச்சிக்கு இடம்பெயர்ந்தது. மண்டபத்தில் அதன் மையம் தொடர்ந்து இயங்குகிறது. அது பல்கலைக்கழகமன்று, ஆயினும் அதன் திறந்த களஞ்சியத்தில் மன்னார் வளைகுடாவின் சங்கு, கடல் அட்டை, கடற்பாசி பற்றிப் பல பத்தாண்டுகளாக எழுதப்பட்ட கட்டுரைகள் உள்ளன. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எடுத்த அளவுகள், பின்வந்தவர் முன்னவரைத் திருத்திய இடங்கள், எவரும் விளம்பரத்திற்காக எழுதியிருக்க முடியாத சலிப்பூட்டும் அட்டவணைகள் ஆகியன அங்கு நிறைந்துள்ளன. அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியில் இயங்குவதும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. படத்தில் மட்டுமன்றிப் பேருந்தேறிச் சென்று பார்க்கக்கூடிய தடம் அது.

பொய்த்தடம்

தடத்தைப் பொய்யாக உருவாக்கவும் முடியும். இதற்குப் பெரும் சான்று பாகித்தானின் கராச்சியில் இயங்கிய ஆக்சாக்ட் நிறுவனம் ஆகும். நியூயார்க் டைம்சு நாளிதழ் 2015 மே மாதத்தில் வெளியிட்ட செய்தியின்படி, குறைந்தது 370 இணையத்தளங்கள் அதனுடன் தொடர்புடையவை. அவற்றில் இல்லாத பல்கலைக்கழகங்கள் இருந்தன. அவற்றுக்குத் தரச்சான்று வழங்கும் இல்லாத அமைப்புகளும் இருந்தன. பேராசிரியர்களாக நடிகர்கள் காணொளியில் தோன்றினர். வளைகுடா நாடுகளில் பணிபுரிவோர் பலர் இவற்றின் வாடிக்கையாளர்களாயினர்.

இத்தகைய தளங்கள் ஒன்றையொன்று சுட்டும்; வெளியிலிருந்து அவற்றைச் சுட்டுவோர் இரார். உண்மையான பல்கலைக்கழகத்தின் பெயர் அதற்குத் தொடர்பில்லாத இடங்களிலும் வரும்: நீதிமன்றத் தீர்ப்பில், வேறொரு கல்லூரி ஆசிரியரின் தன்விவரத்தில், தேர்வு தள்ளிவைக்கப்பட்டதைப் பற்றிய செய்தியில். குறைகூறும் செய்திகூட இவ்வகையில் ஒரு சான்றே. தளத்தின் எல்லாப் பக்கங்களும் சேர்க்கையைப் பற்றியும் கட்டணத்தைப் பற்றியும் பேசி, மறுமதிப்பீடு, வருகைப்பதிவு, தோல்வியுற்றோருக்கான துணைத்தேர்வு பற்றி ஒரு வரியும் இல்லையெனில், அங்கு எவரும் தேர்வு எழுதியதில்லை என்றே கொள்ளலாம்.

தடத்தின் குறைகள்

கல்வித்தடம் நியாயமான அளவுகோல் என்று முழுமையாகக் கூறவியலாது. எசுப்பானிய தேசிய ஆய்வு மன்றத்தின் ஆய்வகம் ஒன்று 2004 இல் தொடங்கிய வெபோமெட்ரிக்சு தரவரிசை, பல்கலைக்கழகங்களை அவற்றின் இணைய இருப்பைக் கொண்டு வரிசைப்படுத்தியது. இவ்வகை அளவீடுகளில் ஆங்கிலத்தில் எழுதும் பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் முந்துவது இயல்பு. தமிழில் பாடநூல் எழுதி, வேலைக்குச் செல்வோருக்குக் கற்பிக்கும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் நற்பணி இதில் பெரிதாகத் தெரியாது. தமிழ்வழியில் எழுதப்பட்ட ஆய்வுகள் பல அச்சிலேயே நின்றுவிட்டன. கட்டுரைகளின் எண்ணிக்கையும் ஏமாற்றக்கூடியது. பணம் பெற்று எதனையும் வெளியிடும் இதழ்கள் ஏராளம். ஆகவே மெலிந்த தடத்தைக் கண்டவுடன் போலி என முடிவு கட்டுதல் தவறு. எதுவுமே இல்லாத இடமும், கொஞ்சம் இருந்து அது நேர்மையாக இருக்கும் இடமும் ஒன்றல்ல.

உதவி மையங்களும் சேர்க்கையும்

விதிகளின்படி கற்போர் உதவி மையம் ஒரு கல்லூரி போன்ற உயர்கல்வி நிறுவனத்தில் அமைய வேண்டும். உரிமம் விற்று முகவர்களிடம் ஒப்படைத்தல் தடைசெய்யப்பட்டுள்ளது. மாநிலப் பல்கலைக்கழகம் தன் சட்டம் வகுத்த ஆட்சி எல்லைக்கு வெளியே மையம் நடத்தவும் இயலாது. எனவே பேருந்து நிலையத்தருகே மாடியறையில், வடமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர்ப்பலகையுடன் இயங்கும் 'படிப்பு மையம்' எவ்வளவு பளபளப்பான இணையத்தளத்தைக் காட்டினாலும் பொருளில்லை. சத்தீசுகரில் 2002 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முளைத்த 112 தனியார் பல்கலைக்கழகங்களை 2005 இல் உச்சநீதிமன்றம் ஒரே தீர்ப்பில் நீக்கியது இங்கு நினைவுகூரத்தக்கது. அவற்றுள் பல முகவரி மட்டுமே கொண்டிருந்தன.

2024 முதல், தொலைநிலை அல்லது இணையவழிப் படிப்பில் சேரும் மாணவர் தொலைநிலைக் கல்விப் பணியகத்தின் தளத்தில் தாமே பதிந்து தனி அடையாள எண் பெற வேண்டும். அவ்வாறு பதியும்போது ஒப்புதல் பெற்ற பல்கலைக்கழகங்களின் விவரம் மாணவர் கண்முன் வருகிறது. "எண்ணை நாங்களே எடுத்துக்கொள்கிறோம், ஆதாரை மட்டும் தாருங்கள்" என்று கூறும் முகவரிடம் அதனை விடுதல் கூடாது. கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் பெயரிலுள்ள கணக்கிலேயே செலுத்த வேண்டும். வெளிநாடு செல்வோரின் சான்றிதழ், மாநில அளவிலான சரிபார்ப்பையும் வெளியுறவு அமைச்சகத்தின் சான்றளிப்பையும் கடந்தாக வேண்டும்; வேலை தரும் நாடு சில இடங்களில் கற்ற முறையையும் கேட்கும். சேர்ந்த ஆண்டின் ஒப்புதல் பட்டியலை அன்றே அச்செடுத்துச் சான்றிதழ்களுடன் வைத்துக்கொள்வது பயன்தரும், ஏனெனில் பட்டியல்கள் மாறுகின்றன, தளங்களின் முகவரிகளும் மாறுகின்றன. கேள்வி எழுவது பெரும்பாலும் பட்டம் பெற்றுச் சில ஆண்டுகள் கழிந்தபின்னரே.