பெண்ணாடத்துக்கு ஒரு கோடு, சிதம்பரத்துக்கு ஒரு கோடு

குறுகிய கால நெல்லுக்கு ஹெக்டேருக்கு எவ்வளவு உரம் போடலாம்? மண் பரிசோதனை செய்யாதவர்களுக்கு ஒரு பொதுப் பரிந்துரை உண்டு. காவிரி டெல்டாவில் தழை, மணி, சாம்பல் சத்துகள் 150:50:50 கிலோ. மற்ற பல பகுதிகளுக்கு 120:40:40. கடலூர் மாவட்டத்தில் இந்த இரண்டு கணக்குக்கும் இடமுண்டு. சிதம்பரமும் காட்டுமன்னார்கோவிலும் டெல்டாவில் சேரும்; பெண்ணாடம் சேராது. கலெக்டர் அலுவலகம் ஒன்றுதான், மண்ணும் நீரும் வேறு.

பெண்ணாடத்தைச் சுற்றி வந்தாலே இது புரியும். வெள்ளாற்றங்கரை வண்டலில் கரும்பும் நெல்லும். மேற்கே திட்டக்குடி, மங்களூர் பக்கம் போனால் கரிசலில் மானாவாரி மக்காச்சோளமும் பருத்தியும். விருத்தாசலம் தாண்டிப் பண்ருட்டி நோக்கிப் போனால் செம்மண்ணில் முந்திரி. கொஞ்ச நேர பஸ் பயணத்துக்குள் நிலம் இத்தனை முறை நிறம் மாறுகிறது. மாவட்டம் முழுவதற்கும் ஒரே விதி எழுதினால் அது எந்த வயலுக்குப் பொருந்தும்?

பூஜ்யம் சொல்லும் பொய்

மழைக்கும் மகசூலுக்கும் உள்ள உறவை அளக்கப் புள்ளியியலில் ‘தொடர்புப் போக்கு’ என்ற கருவி இருக்கிறது. ரிக்ரஷன் என்றால் கல்லூரியில் படித்தவர்களுக்குச் சட்டென்று நினைவு வரும். ஒவ்வொரு வயலின் மழை அளவையும் மகசூலையும் புள்ளியாக வைத்து, எல்லாப் புள்ளிகளுக்கும் நடுவே ஒரு கோடு இழுப்பார்கள். மழை ஒரு சென்டிமீட்டர் கூடினால் மகசூல் எவ்வளவு கூடும் என்பதை அந்தக் கோட்டின் சாய்வு சொல்லும்.

நவம்பர் மழையை எடுத்துக்கொள்வோம். மங்களூர் பக்க மானாவாரிக் காட்டுக்கு இன்னொரு மழை கிடைத்தால் லாபம். அதே மழை சிதம்பரம் பக்கத் தாழ்வான வயல்களில் சம்பாப் பயிரை மூழ்கடிக்கும். ஓரிடத்தில் கோடு மேலேறுகிறது, இன்னோரிடத்தில் கீழிறங்குகிறது. இரண்டையும் ஒரே கணக்கில் கொட்டினால் கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, விடை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கலாம். ‘இந்த மாவட்டத்தில் மழைக்கும் மகசூலுக்கும் பெரிய தொடர்பில்லை’ என்று அறிக்கையும் எழுதிவிடலாம். கணக்கில் பிழை இருக்காது. ஆனால் எந்த விவசாயியும் அதை ஒப்புக்கொள்ளமாட்டார்.

பக்கத்து வயலுக்கு மதிப்பு அதிகம்

இந்தச் சிக்கலுக்கு 1996-இல் பிரிட்டனில் கிறிஸ் பிரன்ஸ்டன், ஸ்டூவர்ட் ஃபோதரிங்ஹாம், மார்ட்டின் சார்ல்டன் ஆகிய மூவர் ஒரு வழி சொன்னார்கள். ‘புவியியல் எடையிட்ட தொடர்புப் போக்கு’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். துறைக்காரர்கள் வாயில் ஜி.டபிள்யு.ஆர். மாவட்டத்துக்கு ஒரு கோடு இழுப்பதை விட்டுவிட்டு, ஒவ்வோர் இடத்திலும் நின்று அந்தந்த இடத்துக்கு ஒரு கோடு இழுப்பதுதான் முறை. அப்படி இழுக்கும்போது பக்கத்து வயலின் கணக்குக்கு அதிக எடை, தூரத்து வயலுக்குக் குறைந்த எடை.

பெண்ணாடத்தில் நின்று கணக்குப் போடுவதாக வைத்துக்கொள்வோம். எடை குறையும் வேகத்துக்கு 10 கிலோமீட்டரை அளவுகோலாக எடுத்தால், வழக்கமான மணிவடிவச் சூத்திரப்படி உள்ளூர் வயலுக்கு எடை 1. பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருப்பதற்கு 0.61. இருபதில் 0.14. முப்பதில் 0.01. சிதம்பரம் வயலின் குரல் பெண்ணாடத்துக் கணக்கில் அனேகமாகக் கேட்காது. இப்படி ஊர் ஊராகக் கிடைக்கும் சாய்வுகளுக்கு நிறம் கொடுத்தால், மழை எங்கே வரம், எங்கே சாபம் என்பது ஒரே வரைபடத்தில் தெரியும்.

இங்கே இன்னொரு ஆதாயமும் உண்டு. டெல்டா, டெல்டா அல்லாதது என்று கோடு கிழித்தால், எல்லைக்கு இப்பக்கம் 120, அப்பக்கம் 150 என்று பரிந்துரை ஒரே தாவாகத் தாவுகிறது. நிலம் அப்படித் தாவுவதில்லை. எடையிட்ட முறையில் விடை மெல்ல மெல்ல மாறும்.

ஒரே வயலில் மூன்று பட்டை

இடத்துக்கேற்ற விடை வேண்டும் என்ற அக்கறை நம் நாட்டுக்குப் புதிதல்ல. டெல்லியில் வேளாண் விஞ்ஞானி ராமமூர்த்தி 1960-களில் வகுத்த முறை நேர்மாறான திசையிலிருந்து வந்தது. ஒரே வயலை மூன்று பட்டைகளாகப் பிரிப்பார்கள். ஒன்றுக்கு உரமே கிடையாது, அடுத்ததற்கு வழக்கமான அளவு, மூன்றாவதற்கு இருமடங்கு. ஒரு போகம் பயிர் வைத்து எடுத்தபின் மூன்று பட்டைகளிலும் மண்வளம் மூன்று விதமாக இருக்கும். அதன்மேல் சோதனைப் பயிர் வைத்து, இலக்கு மகசூலுக்கு எவ்வளவு உரம் தேவை என்ற சமன்பாட்டை எடுப்பார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பல பயிர்களுக்கு மண் வகை வாரியாக இத்தகைய சமன்பாடுகளைத் தந்திருக்கிறது. ராமமூர்த்தி வேறுபாட்டை வயலுக்குள்ளேயே உண்டாக்கினார். ஜி.டபிள்யு.ஆர். நிலத்தில் ஏற்கெனவே கிடக்கும் வேறுபாட்டைப் படிக்கிறது.

எதுவரை பக்கம்?

இந்த முறையின் உயிர்நாடியே அந்த 10 கிலோமீட்டர்தான். அதை 2 கிலோமீட்டராகச் சுருக்கினால் நாலைந்து வயல்களை மட்டும் நம்பி விடை வரும். ஒரு வயலில் பன்றி புகுந்து மகசூல் குறைந்திருந்தால்கூட, அது மண்ணின் குணம் போலத் தெரியும். 100 கிலோமீட்டராக விரித்தால் பழைய மாவட்டச் சராசரிக்கே திரும்பிவிடுவோம். பொருத்தமான அளவைக் கணினியே சோதித்துத் தேர்ந்தெடுக்க வழிகள் உண்டு. தூரத்துக்குப் பதில், பக்கத்திலுள்ள இத்தனை வயல்கள் என்று எண்ணிக்கையை நிலையாக வைப்பதும் உண்டு. மழையின் குணம் பரந்த பரப்பில் மாறும், மண்ணின் உப்போ சில வயல்களுக்குள்ளேயே மாறும் என்பதால், ஒவ்வொரு காரணிக்கும் தனித்தனி அளவுகோல் தரும் முறையை ஃபோதரிங்ஹாமும் சகாக்களும் 2017-இல் வெளியிட்டார்கள்.

தூரம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. வெள்ளாற்றுக்குத் தென்கரையில் அரியலூர் மாவட்டம். சுண்ணாம்புக்கல்லுக்குப் பேர்போன பூமி. பெண்ணாடத்துக்குச் சிதம்பரத்தைவிட அக்கரை வயல் எவ்வளவோ கிட்டே இருக்கிறது. மாவட்டக் கணக்கு அதைச் சேர்க்காது. எடையிட்ட கணக்கு சேர்த்துக்கொள்ளும். அது நல்லதுதான். ஆனால் நடுவில் ஆறு ஓடுவதும், அடியில் பாறை மாறுவதும் நேர்கோட்டுத் தூரத்துக்குத் தெரியாது. ஊர் அறிந்தவர் ஒருவர் கணக்குப் போடுபவர் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும்.

இன்னோர் எச்சரிக்கை: மழையும் பாசனமும் போல ஒன்றோடொன்று ஒட்டிப்போகும் காரணிகளைச் சேர்த்துப் போட்டால், உள்ளூர்ச் சாய்வுகள் தாறுமாறாகும் என்று 2005-இலேயே வீலர், டீஃபெல்ஸ்டார்ஃப் இருவரும் காட்டிவிட்டார்கள். எனவே அழகான வண்ண வரைபடத்தை யாராவது நீட்டினால், இந்த நிறத்துக்குப் பின்னால் எத்தனை வயல்கள் இருக்கின்றன, பிழை வரம்பு எவ்வளவு என்ற இரண்டையும் கேட்டுவிடுவது நல்லது.

மூன்று நோட்டுகள்

இதற்கான மென்பொருள் இன்று இலவசமாகவே கிடைக்கிறது. தட்டுப்பாடு தரவில்தான்; மண், மகசூல், மழை என்று அது மூன்று நோட்டுகளில் பிரிந்து கிடக்கிறது. 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் இறவை நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கும், மானாவாரியில் 10 ஹெக்டேருக்கும் ஒரு மண் மாதிரி என இடக்குறியோடு எடுக்கிறார்கள். மகசூல் தெரிவது பயிர் அறுவடைச் சோதனையில்: நெல் வயலில் ஐந்துக்கு ஐந்து மீட்டர் சதுரம் கட்டி, அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். மழையோ மழைமானி இருக்கும் ஊரின் பதிவேட்டில். மண்ணைச் சோதித்த வயல் ஒன்று, அறுத்து எடை போட்ட வயல் இன்னொன்று என்றிருந்தால் கோடு இழுக்கப் புள்ளியே கிடைக்காது. அறுவடைச் சோதனைக்குத் தேர்வாகும் வயலிலேயே ஒரு கைப்பிடி மண்ணும் எடுத்து, போட்ட உரத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டால், நாலைந்து பருவங்களில் பெண்ணாடத்துக்கென ஒரு கோடு இழுத்துவிடலாம். அதற்குப் புதிய திட்டம் எதுவும் வேண்டாம், இருக்கும் படிவத்தில் இரண்டு கட்டங்கள் கூடுதலாகப் போட்டால் போதும்.