ஷட்டர் விழும் முன் ரசீதைத் தேடுங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கும், மறையூரிலிருந்து உடுமலைக்கும், குமுளியிலிருந்து கம்பத்துக்கும் பஸ் ஏறிப்போய் நகையும் துணியும் வாங்குவதும், அந்தக் கடைகளிலேயே மாதாமாதம் சீட்டுக் கட்டுவதும் நம் ஆட்களுக்குப் பழக்கம். வீடு கேரளத்தில், கடை தமிழ்நாட்டில். அந்தக் கடையை இழுத்து மூடிவிட்டால் நடப்பதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. பூட்டிய ஷட்டர் முன் ஒருநாள் சத்தம், பிறகு ஒரு வாட்ஸ்அப் குழு, அதன்பின் “பொறுங்க, தந்துடுவாங்க” என்னும் ஏஜென்டை நம்பி இரண்டு வருடம். கடைசியில் சீட்டு அட்டையும் கையில் இல்லை, வழக்குப் போடக் காலமும் இல்லை.

பெரிய கடை மூழ்காது என்று எண்ணாதீர்கள். 1997இல் சென்னை திருவான்மியூரில் ஒற்றைக் கடையாகத் தொடங்கிய சுபிக்ஷா என்னும் சில்லறை விற்பனை நிறுவனம், 2008க்குள் நாடெங்கும் 1,600 கடைகளைத் தாண்டியது. கடன் வாங்கிக் கடை திறந்தார்கள். கைப்பணம் வற்றியதும் சரக்கு நின்றது, சம்பளம் நின்றது. 2009 தொடக்கத்தில் கடைகள் மூடிக்கிடந்தன. அதன் நிறுவனர் ஆர். சுப்பிரமணியனுக்கு, அவருடைய விஸ்வப்பிரியா நிதி நிறுவனத்தில் 587 பேர் போட்ட 137 கோடி ரூபாய் தொடர்பான வழக்கில், சென்னைத் தனி நீதிமன்றம் 20 ஆண்டு சிறை விதித்தது 2023 நவம்பரில்தான். தீர்ப்பு வரும்வரை சும்மா இருந்தவருக்கு என்ன கிடைக்கும்?

ஒரு கணக்கை மனதில் வையுங்கள். பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை ஒரு கம்பெனி 365 நாளுக்குள் பொருளாகத் தீர்க்க வேண்டும். நகைச் சீட்டு 11 மாதத்தோடு முடிவது அதனால்தான். அதற்கு மேல் இழுத்தாலோ, பொருளுக்குப் பதில் வட்டி தருகிறேன் என்றாலோ அது டெபாசிட். உடனே விழித்துக்கொள்ளுங்கள்.

இனி செய்ய வேண்டியது. முதலில் சீட்டு அட்டை, பில், யுபிஐ விவரம் எல்லாவற்றையும் நகலெடுங்கள். அசல் அட்டையை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு, ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் கடைக்கு ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதியுங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள், அது சமரச முயற்சி மட்டுமே.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொள்ளாச்சிக் கடை மீது கோவையில்தான் வழக்குப் போட வேண்டும் என்பது தவறான பேச்சு. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது பாலக்காட்டிலோ இடுக்கியிலோ, போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மறுபடி சொல்கிறேன்: இரண்டே ஆண்டு.

கடை வாங்கியது டெபாசிட் என்றால் போலீஸுக்கும் போங்கள். “கடை தமிழ்நாட்டில், அங்கே போ” என்று கேரள ஸ்டேஷனிலும், “நீ கேரளாக்காரன், அங்கே போ” என்று தமிழ்நாட்டு ஸ்டேஷனிலும் அலையவிடுவது வாடிக்கை. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனும் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டம். மறுத்தால் புகாரை மாவட்டக் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்புங்கள். ‘ஒழுங்குபடுத்தப்படாத டெபாசிட் திட்டங்கள் தடைச் சட்டம், 2019’ என்று பெயர் சொல்லியே எழுதுங்கள். கேரளத்தில் மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் மாநில அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதவும், தமிழில் பதில் பெறவும் 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் உரிமை தருகிறது. மலையாளத்தில் எழுதி வா என்றால் அதைச் சொல்லுங்கள்.

கடை ஒரு கம்பெனியாக இருந்து திவால் நடவடிக்கைக்குப் போனால், கடையிடம் பணம் கேட்கும் மற்ற வழக்குகள் அப்படியே நின்றுவிடும். அப்போது பத்திரிகையில் வரும் அறிவிப்பைப் பார்த்து, அதில் உள்ள கெடுவுக்குள், பொதுவாக 14 நாளில், திவால் அதிகாரியிடம் உங்கள் கோரிக்கையைப் படிவத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர் பெயர் கணக்கில் ஏறாது.

இன்றைக்கே அலமாரியைத் திறந்து அந்தச் சீட்டு அட்டையைத் தேடி, ஒரு போட்டோவாவது எடுத்து வையுங்கள்.