நெருப்புக்கு அசையாத வேர்

பழைய தமிழ்ப் படங்களில் பணக்கார அப்பா மாடிப்படியில் இறங்கி வருவார். உடம்பில் பட்டு கவுன், வாயில் பைப். மகளின் காதலை மறுத்து வசனம் பேசுவதற்கு முன் பைப்பை எடுத்துக் கையில் பிடித்துக்கொள்வார். நமக்கும் பைப்புக்கும் உள்ள உறவு பெரும்பாலும் அவ்வளவுதான். போடி, கம்பம் பக்கம் புகை என்றால் சுருட்டும் பீடியும்தான். பைப்புக்குச் சுங்கான் என்ற பெயர் உண்டு என்று அறிந்த பெரியவர்களும், அதை மலைமேல் தேயிலைத் தோட்டத்துத் துரைமார் கையில்தான் பார்த்திருப்பார்கள்.

பிரான்சுக்குப் போன இடத்தில் அந்தப் பைப் பிறக்கும் ஊரைப் பார்க்க ஆசை வந்தது. சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய ஜூரா மலையில் இருக்கிறது சேன் குளோத். பியென், தாகோன் என்று இரண்டு ஆறுகள் கூடும் இடுக்கில் அடுக்கடுக்காக வீடுகள். கம்பம் பள்ளத்தாக்கின் அகலத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மூச்சு முட்டுகிற குறுகல். அந்தக் காலத்தில் இங்கிருந்த மடாலயத்துக்கு யாத்திரை வந்தவர்களுக்கு ஜெபமாலையும் மரச் சாமான்களும் கடைந்து விற்றவர்களின் ஊர் இது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து பிரையர் மரம் வந்து சேர்ந்ததும், அதே கடைசல்காரர்கள் பைப்புக்குத் திரும்பினார்கள். ஊருக்கு இன்னொரு தொழிலும் உண்டு, வைரமும் கல்லும் பட்டை தீட்டுவது. இங்குள்ள அருங்காட்சியகத்தில் பைப்பும் வைரமும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. உறையூர்ச் சுருட்டும் செயற்கை வைரமும் சேர்ந்த நம் திருச்சி நினைவுக்கு வராமல் இருக்குமா?

நான் நுழைந்தது சின்னப் பட்டறை. கூட வந்தவர் பாரீஸில் வாழும் யாழ்ப்பாணத்து நண்பர். சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகை வாசிக்க, மற்றவர்கள் கேட்டபடியே சுருட்டிய ஊர்க்கதைகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். உள்ளே போனதும், “என்ன அண்ணை, இஞ்ச புகையிலை மணமே இல்லை” என்றார். உண்மைதான். மரத்தூளும் மெழுகும்தான் மணத்தன.

பிரையர் என்பது புதர். எரிக்கா ஆர்போரியா என்பது அதன் தாவரப் பெயர். பைப்புக்கு அதன் தண்டு உதவாது. தண்டும் வேரும் சேரும் இடத்தில் மண்ணுக்குள் திரளும் முண்டுதான் வேண்டும். அது வேண்டிய அளவுக்குப் பருக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். தோண்டி எடுத்ததும் வெயிலில் போட்டால் வெடித்துவிடும். அதனால் ஈரச் சாக்கு போர்த்தி வைத்து, துண்டு துண்டாக அறுத்து, கொப்பரையில் மணிக்கணக்காகக் கொதிக்க விடுவார்கள். சாறும் துவர்ப்பும் இறங்கிய பிறகு நிழலில் மாதக்கணக்கில் காயும். அவசரப்பட்டவன் பைப்பில் முதல் இழுப்பே கசக்கும்.

இத்தனை பாடும் எதற்கு? உள்ளே கங்கு கிடந்தாலும் பைப்பின் கிண்ணம் கருகக்கூடாது. இந்த முண்டு நெருக்கமான இழை கொண்டது. மரத்திலேயே சிலிக்கா இருக்கிறது. அதனால் சூட்டைத் தாங்குகிறது.

கடைசலில் கிண்ணம் குடைவதைவிட, புகை வரும் துளையைப் போடுவதுதான் சிரமமான வேலை. அது கிண்ணத்தின் அடியில் சரியாகப் போய் முட்ட வேண்டும். கொஞ்சம் மேலே ஏறினாலும் அடியில் ஈரப் புகையிலை தேங்கிவிடும். பிறகு அரம், உப்புத்தாள், சாயம், கார்னோபா மெழுகு. வாயில் வைக்கும் பகுதி எபோனைட்டிலோ அக்ரிலிக்கிலோ தனியாக வரும்.

இவ்வளவும் முடியும் நேரத்தில் மரம் தன் ரகசியத்தைக் காட்டும். முண்டு வளரும்போது விழுங்கிய ஒரு மணலோ கல்லோ குழியாக வெளிப்படும். சின்னக் குழி என்றால் மக்கு வைத்து அடைத்து விலையைக் குறைப்பார்கள். பெரிது என்றால் குப்பைக்கூடைதான். குழி இல்லாமல், இழை நேர்கோடாகத் தீச்சுடர் போல ஓடும் துண்டு அபூர்வம். விலை எகிறுவது அதற்குத்தான்.

வாங்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். பிரான்சில் 2008 முதல் காபிக் கடைகளிலும் உணவகங்களிலும் புகைக்கத் தடை. ஒரு காலத்தில் ஊரையே வாழவைத்த தொழில் இன்று சில பட்டறைகளோடு நிற்கிறது. அதற்காக நான் கண்ணீர் விடமாட்டேன். கைவினை எவ்வளவு அழகானாலும், அதில் போட்டுப் பிடிப்பது புற்றுநோய் தரும் இலைதான்.

ஆனால் மரம் வேறு கதை. இரண்டாம் உலகப் போரில் பிரையர் வரத்து நின்றபோது அமெரிக்கப் பைப்காரர்கள் அதே குடும்பத்து மரங்களைத் தேடினார்கள். மலை லாரலும் ரோடோடென்ட்ரானும் அப்படித்தான் பட்டறைக்கு வந்தன. அந்த ரோடோடென்ட்ரானின் சொந்தம் ஒன்று நம் தலைக்கு மேலேயே நிற்கிறது. அதுதான் காட்டுப் பூவரசு. கொழுக்குமலைக்கு அருகே மீசைப்புலிமலைச் சரிவுகளில் தை, மாசியில் ரத்தச் சிவப்பாகப் பூக்கும். ஏலக்காய் ஏலத்துக்குப் போடிக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்? நம் ஊர்க் கடைசல்காரர் எவரும் அதன் மேல் உளி வைக்காமல் போனது நல்லதாயிற்று.

பிரையருக்கு உறவு என்றாலும் அந்த மரம் நிற்கும் காடு தீயைத் தாங்காது. 2018 மார்ச் 11 அன்று அதே பக்கத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பூப் பார்க்கப் போகிறவர்கள் வனத்துறை அனுமதியோடு போங்கள். சுருட்டோ பீடியோ பைப்போ, தீப்பெட்டியோடு சேர்த்து அடிவாரத்திலேயே விட்டுவிட்டு ஏறுங்கள்.